உரிமையாளர் பெயர்

"புள்ள, நீங்க எழுதினத ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" என்றார் புஸ்பம் அக்கா. கையெழுத்துப் போடும் நேரத்தில் இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். சுனாமி வந்து ஐந்து மாதம். கதிரவெளியில் கூடாரங்களில் இருந்தவர்களுக்குக் கல்வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனமொன்றுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று மாதப் பயிற்சிக்குப் போயிருந்தேன். விபரம் எடுப்பது என் வேலை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு படிவம் நிரப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வாசித்தேன். வீட்டு உரிமையாளர்: வினாயகமூர்த்தி.

"அவர் எப்ப உரிமையாளர் ஆனவர்? வளவுக் காணி எண்ட அம்மா எனக்குத் தந்த சீதனம். கடல் வீட்டத்தான் கொண்டு போனது. இப்ப நீங்க இவர்ர பேருக்கு எழுதினா, நாளைக்கு எண்ட மகளுக்கு நான் என்னத்தக் குடுக்கிற?"

அவர் கணவர் வினாயகமூர்த்தி கூடார வாசலில் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "அவ சொல்றது சரிதான். நான் கலியாணம் முடிச்சு வந்த ஆள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் தன்னாமுனை வீடு அம்மாவின் சீதனம், நாளைக்கு எனக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடுதான் போகும். படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்று ஒரு கட்டம், அதற்குக் கீழே 'வீட்டு உரிமையாளர்'. மேலே எழுதிய ஆணின் பெயரையே கீழேயும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், அறுபத்து மூன்று தடவை. யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் நேரம் போகும். கடதாசி எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்து நல்ல பெயர் வாங்குகிற ஆள் நான் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

என் மேலதிகாரி உதயரூபன் சேரிடம் போய்ச் சொன்னேன். என் பயிற்சிக்குப் புள்ளி போடுபவர் அவர்.

"வெள்ளிக்கிழமை பட்டியல் கொழும்புக்குப் போகுது. மத்தவங்க ஒண்டும் சொல்லல்லதானே? இத மட்டும் மாத்துங்க."

"அவங்களுக்கு நான் வாசிச்சுக் காட்டல்ல, சேர்."

"அப்ப உங்கட பயிற்சி அறிக்கையில நான் இந்தப் பிழைய எழுதத்தான் வேணும்."

"எழுதுங்க, சேர்" என்றேன்.

எழுதிய படிவங்களை வாசித்துக் காட்ட மூன்று நாள் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கினேன். சில பெண்கள் சிரித்தார்கள், சிலர் நன்றாகவே ஏசினார்கள். இரண்டு ஆண்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியாகக் கோணாமலை என்பவரின் கூடாரம். அவர் மனைவி சுனாமியில் போய்விட்டார். இந்த ஒரு படிவத்திலாவது பிழை இருக்காது என்றுதான் போனேன். வாசித்து முடித்ததும் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வீடு அவட சீதனம்தான். இப்ப புள்ளட. ஆர்த்திகா எண்டு போடுங்க."

ஆர்த்திகாவுக்கு நான்கு வயது. சேர் இதைத் திருப்பி அனுப்புவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். கையெழுத்துக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள், கோணாமலை பிள்ளையை மடியில் தூக்கி வைத்து, என் மைப்பெட்டியில் அவள் பெருவிரலை அழுத்திக் கட்டத்துக்குள் மெதுவாக ஒற்றினார். மடியை விட்டு இறங்கிய பிள்ளை, அந்த விரலை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி, அடுத்த கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட நடந்து போனாள்.