நாலடி தள்ளி

நூற்று முப்பது வருடமாகத் தேவாலயத் தோட்டத்தில் கிடந்த வெளிநாட்டுக் கடற்படை கேப்டனைத் தோண்டியெடுத்துச் சொந்த நாட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று பாதிரியார் சொன்னதும், கல்லறைக்காரர் திரும்பிக் கேப்டனின் கல்லறையைப் பார்த்தார். கேப்டனின் கல்லுக்கு அடியில் கேப்டன் இல்லை. கல்லறைக்காரரின் அப்பா இருந்தார்.

பதினாறு வருடத்துக்கு முன் வடிகால் போட வந்தவர்கள் கற்களைப் பிடுங்கி ஓரமாகச் சாத்தி, மேடுகளையெல்லாம், கேப்டனுக்குப் பக்கத்தில் கல்லில்லாமல் கிடந்த அப்பாவின் மேட்டையும் சேர்த்து, தரைமட்டமாக்கினார்கள். பழைய மதிலை இடித்து, நாலடி உள்ளே தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். மதிலிலிருந்து அளந்து இடம் கண்டுபிடிப்பதுதான் அந்தக் குடும்பத்து வழக்கம். இவரும் பத்தடி அளந்து கல்லை நட்டார், புது மதிலிலிருந்து! புத்திக்கு உறைக்க ஒரு வாரம் ஆனது. அதற்குள் தூதரகத்து ஆள் ஒருவர் வந்து மலர்வளையம் வைத்துவிட்டுப் போயிருந்தார். உயிரோடு இருந்தவரை யார் வாயாலும் ஒரு நன்றி கேட்டறியாதவர் அப்பா. இருந்துவிட்டுப் போகட்டும் என்று இவரும் வாயைத் திறக்கவில்லை.

"இப்பவாவது சொல்லித் தொலைங்க," என்றாள் மனைவி. "மாமா பக்கத்து ஊருக்கு பஸ் ஏறவே நாலு நாள் யோசிப்பாரு. அவரப் போயி கப்பல்ல ஏத்தி விடப் பாக்கறீங்களே!"

மறுநாள் காலை பெட்டியோடு வந்து இறங்கிய இளம் கடற்படை அதிகாரியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். மொழிபெயர்த்த பாதிரியாருக்குத்தான் முதலில் முகம் வெளுத்தது. அதிகாரி காகிதத்தைக் காட்டினார். கல்லுக்குக் கீழே தோண்ட வேண்டும் என்றுதான் அதில் உத்தரவு. தோண்டிப் பார்க்காமல் ஒரு வரியையும் மாற்ற முடியாதாம்.

"அப்ப நானே தோண்டறேன். வேற யாரும் கை வைக்கக் கூடாது."

ஏழு மணிக்குத் தொடங்கி பத்து மணிக்கு எலும்பைத் தொட்டார். கூட வந்திருந்த மருத்துவர் குழிக்குள் இறங்கிப் பார்த்தார். இடது கால் எலும்பில் ஓர் உலோகத் தகடு, நாலு திருகாணி.

"ஒரு தடவ, தான் வெட்டின குழியிலயே வழுக்கி விழுந்துட்டாரு சார். ஆஸ்பத்திரில வச்ச தகடு அது."

கேப்டன் காலத்தில் ஏது அந்த வைத்தியம்? மருத்துவர் தலையாட்டினார். அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேப்டன் நாலடி தள்ளி, தண்ணீர்க் குழாயடியில் இருந்தார். மதியம் வரை அவர் காத்திருக்கலாம்.

மூட வேண்டியதுதான். கல்லறைக்காரர் மண்வெட்டியை எடுத்தார். அதிகாரி தொப்பியைக் கழற்றிப் பாதிரியாரிடம் நீட்டினார். வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டிக்கொண்டு, இன்னொரு மண்வெட்டியோடு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.

"விடுங்க சார், சட்டை வீணாப் போயிடும்."

அவருக்குப் புரியவில்லை. மண்ணைத் தள்ள ஆரம்பித்துவிட்டார்.

கல்லறைக்காரருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. போன தடவை, கொட்டுகிற மழையில், அப்பாவை அவர் தனியாளாகத்தான் மூடினார்.