முந்நூற்றைம்பது கிராம் குறைவு

நாத்தனார் வந்து இறங்கியபோது குழந்தை பிறந்து மூன்று நாள். யாரும் கூப்பிடவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிறவள். விடுமுறை விட்டுவிட்டார்களாம், தம்பி வீட்டில் பத்து நாள் இருந்து எங்களைக் கரையேற்றப் புறப்பட்டு வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றும் முன்பே கேட்டாள்.

"பால் வருதா?"

"வருது அண்ணி."

"அப்புறம் ஏன் இவ இப்படிக் கிடக்கா?"

இப்படி என்றால் எப்படி? என் மகள் சமர்த்தாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை இருக்கிற வீடு மாதிரியே இல்லை, அழுகைச் சத்தமே கேட்கவில்லை என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அதில் கர்வம்கூட. இவளுக்கு மட்டும் அது குற்றம்.

அன்று முதல் என் மார்பு வீட்டின் பொதுச்சொத்து ஆயிற்று. எந்தப் பக்கம், எத்தனை நிமிடம், எந்த வாக்கில் பிடிப்பது, எல்லாவற்றுக்கும் அவளிடம் தீர்ப்பு இருந்தது. முப்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை வேறு; குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாலும் தப்ப முடியாது. என் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இரண்டு மாடிக்கு நடுவில் சிக்கியவர்களை எல்லாம் இறக்கிவிடுவார். எங்களுக்கு நடுவில் தான் சிக்கியதற்குத்தான் வழி தெரியவில்லை. "அக்கா சொல்றதும்..." என்று ஆரம்பிப்பார், என் முகத்தைப் பார்ப்பார், இல்லாத வேலையைத் தேடி எழுந்து போய்விடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் பால்பவுடர் டின்னும் பாட்டிலுமாக வந்து நின்றாள்.

"அழுத புள்ளைதான் பால் குடிக்கும்பாங்க. இது அழக்கூடத் தெம்பில்லாமக் கிடக்கு. கொஞ்சம் கலந்து குடு."

"என் புள்ளைக்கு என் பால் போதும்."

"தாயும் புள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேற. உன் வீம்பு அவ வயித்த ரொப்பாது."

டின்னைத் தூக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவள் கண் எதிரிலேயே போட்டேன்.

ஆறாம் நாள் காலை நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள், குழந்தையின் வாயில் விரலை விட்டு நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"உங்க அதிகாரத்த வேன்ல வர்ற புள்ளைங்ககிட்ட வச்சுக்குங்க. என் வீட்ட விட்டுக் கிளம்புங்க!"

அவள் பையை எடுத்துத் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தோடு உள்ளே போய்க் குழந்தைக்குத் துணி மாற்ற உட்கார்ந்தேன். முந்தின இரவு கட்டிய துணி ஈரமே ஆகவில்லை. அவிழ்த்துப்போட்டுவிட்டு, குழந்தையை வெற்றுடம்போடு இரண்டு கையிலும் ஏந்தினேன்.

நான் ரொட்டி பேக்கரியில் மாவு மேசையில் பதினோரு வருடம் நின்றவள். பிசைந்த மாவை மூன்று மூன்று கிலோவாக வெட்டி, துண்டு போடும் மெஷினுக்குள் வைக்க வேண்டும். தராசு பக்கத்திலேயே இருக்கும், நான் திரும்பியும் பார்க்க மாட்டேன். கூடினாலும் குறைந்தாலும் கை சொல்லிவிடும். இவள் பிறந்தபோது சரியாக மூன்று கிலோ. நர்ஸ் சொல்லும் முன் நான் சொல்ல, பிரசவ அறையே சிரித்தது. அதற்கப்புறம் இந்த ஆறு நாளும் போர்வையோடு சேர்த்துத்தான் தூக்கியிருக்கிறேன்.

குறைவு என்றது கை.

கிடத்திவிட்டு மறுபடி தூக்கினேன். முந்நூற்றைம்பது கிராம் குறைவு. மேசையில் சந்தேகம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூக்குவேன், அப்படியும் தூக்கினேன். அதே முந்நூற்றைம்பது. பதினோரு வருடத்தில் ஒரு நாள் பொய் சொல்லாத கை. சமர்த்தும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மகள் பட்டினி. பெற்றவள் நானே போட்ட பட்டினி.

நான் போட்ட சத்தத்தில் கணவர் ஓடிவந்தார். நர்ஸுக்குப் போன் போட்டார். கையோடு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னாள். கிளம்பும் முன் பவுடர் பால் கொடுக்கச் சொன்னாள், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம் என்றாள். குப்பை காலையிலேயே போய்விட்டிருந்தது.

நாத்தனார் தன் பைக்குள் கைவிட்டு இன்னொரு டின்னை எடுத்தாள்.

"நீ தூக்கிப் போடுவேன்னு தெரியும். ரெண்டா வாங்கினேன்."

வெந்நீரை ஆற்றினாள், அளந்து கலந்தாள், மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேளு."

"மொதல்ல குடுங்க அண்ணி."

"மொதல்ல கேளு."

"அக்கா!" என்றார் கணவர். இத்தனை நாளில் அவர் குரல் உயர்ந்தது அப்போதுதான். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டிப் பிடுங்கியிருப்பேன். பிடுங்கினால் பால் சிந்தும்.

"தப்பு என்மேலதான் அண்ணி. மன்னிச்சுடுங்க," என்றேன். "போகாதீங்க."

கடைசி வார்த்தையை அவள் சொல்லச் சொல்லவில்லை. அது தானாக வந்தது. பாட்டிலை என் கையில் கொடுத்தாள். குழந்தை இரண்டு தடவை தேடி, மூன்றாம் தடவை பற்றிக்கொண்டாள்.

நாத்தனாரை எனக்கு இப்போதும் பிடிக்காது. கிளினிக்குக்குக் கிளம்பும்போது முதலில் போய்க் கதவருகே நின்று, அவள் செருப்பு மாட்டும்வரை காத்திருந்தவளும் நான்தான்.