விலாவுக்குள் ஒரு துண்டு

வன்னியில் ஒருவருக்கு உடம்பில் கட்டி தட்டுப்பட்டால், அதை முதலில் நோய், வருத்தம் என்று நினைக்க மாட்டார்கள். துண்டு நகர்ந்துவிட்டது என்பார்கள். கடைசிச் சண்டையில் எறிகணை வெடித்துப் பாய்ந்த செல் துண்டு வீட்டுக்கு ஒருவர் உடம்பிலாவது கிடக்கும். மழை இருட்டினால் ஒருவருக்கு முழங்கால் உளையும், இன்னொருவருக்குத் தோள். கண்டாவளைக் கௌசலாவுக்கு இடது விலா.

ஆகவே இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒன்று தட்டுப்பட்டபோது, "துண்டு மேலை ஏறிட்டுது போலை," என்று புருசன் பிரசாந்தனிடம் சொன்னாள். அவன் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தான். விதைப்பு முடிந்து பயிர் முழங்கால் உயரம் வந்தும் கட்டி கரையவில்லை. குடும்பநல மாது தயாளினி பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்காவிட்டால், இன்னும் உப்புத்தான் வறுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஸ்கேன் பார்த்த டொக்டர் இளம் பிள்ளை, தன்மையாகத்தான் சொன்னாள்.

"அம்மா, உங்கட துண்டு விலாவிலை இருந்த இடத்திலைதான் இருக்கு. இது வேறை. கனபேருக்கு இது ஒண்டுமில்லாமல் போறது. எண்டாலும் ஊசியாலை கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சுப் பாக்கத்தான் வேணும்."

கௌசலா வீட்டுக்கு வந்து, "வியாழக்கிழமை வரட்டாம், எடுப்பினமாம்," என்று மட்டும் சொன்னாள். துண்டைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று பிரசாந்தன் நினைத்துக்கொண்டான். அவனுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை. வாய்க்கால் கரையில் கண்ட ஆட்களுக்கெல்லாம் சொல்லித் திரிந்தான். தன் முழங்காலிலிருந்து எடுத்த துண்டைச் சின்ன மருந்துப் போத்தலில் போட்டு அலுமாரியில் வைத்திருக்கிறவன் அவன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பதக்கம் காட்டுவதுபோல அதை எடுத்துக் காட்டுவான்.

கௌசலாவோ பயம் வந்த போதெல்லாம் ஏதாவது வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மடித்த சீலைகளை உதறி மறுபடி மடித்தாள். மிளகாய் வறுத்து இடிக்கும்போது மட்டும் மனம் கொஞ்சம் அடங்கியது. தும்மிக்கொண்டே பயப்பட எவராலும் முடியாது. பிள்ளையார் கோயிலில் நின்று, "அப்பனே, டொக்டர் பிள்ளை சொன்னது பிழையாய் இருக்கட்டும், இது செல் துண்டாவே இருக்கட்டும்," என்று கும்பிட்டாள். கும்பிட்ட பிறகுதான் தான் கேட்ட வரம் என்ன என்று உறைத்தது. அது பாய்ந்த நாளில் வாய்க்கு வந்தபடி அதைச் சபித்தவள் அவள்.

போதாததற்கு வியாழக்கிழமை அவர்களின் தண்ணி முறை. சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். தவறவிட்டால் அடுத்த முறை வரை வயல் காயும். கதிர் பால் கட்டுகிற நேரம் வேறு. தங்கச்சியின் கலியாணத்தன்றே, தாலி கட்டி முடிந்த கையோடு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மடைக்கு ஓடினவன் பிரசாந்தன். பக்கத்து வயல் செல்வநாயகம் வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பினார் என்று இரண்டு போகமாக அவர் முகத்தையே பார்ப்பதில்லை. அதனால் கௌசலா முந்திக்கொண்டு, "நான் தனியப் போயிட்டு வாறன்," என்று சொல்லி வைத்திருந்தாள்.

புதன்கிழமை பின்னேரம் அவன் அந்தப் போத்தலைக் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக் கிலுக்கினான்.

"நாளைக்கு இதுக்கு ஒரு சோடி வரப்போகுது. நேர்சிட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, என்ன?"

"சோடி வராதப்பா," என்றாள் கௌசலா.

அவன் கையை எடுத்துத் தன் விலாவில் வைத்தாள். "துண்டு இஞ்சைதான் கிடக்கு. அசையேல்லை." பிறகு அந்தக் கையை மேலே கொண்டுபோனாள். "இது வேறை. புற்றுநோயோ எண்டு பாக்கத்தான் நாளைக்கு வரச் சொன்னவை."

கை அங்கேயே இருந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் அவ்வளவு சந்தோசமாய் நிண்டீங்கள். எனக்கும் அதை நம்ப ஆசையாய் இருந்தது."

அவன் எழும்பிப் போத்தலை அலுமாரிக்குள் வைத்தான். சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டிப் போய்விட்டான். கௌசலாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த ஆம்பிளைகளுக்குக் கெட்ட செய்தி சொன்னால் உடனே ஏறி ஓட ஒரு சைக்கிள் வேண்டும். உரலில் கிடந்த மிளகாய் பட்ட பாடு சொல்லி மாளாது.

விளக்கு வைக்கிற நேரம் அவன் திரும்பி வந்தான்.

"காலமை முதல் பஸ்சிலை போவம்."

"தண்ணி?"

"செல்வநாயகத்தார் கட்டுவார்."

"ஆரெண்டு சொன்னனீங்கள்?"

"அவர்தான். அவர் வீட்டுப் படலையிலை நிண்டு கேட்டனான். ஓமெண்டவர். மண்வெட்டியையும் குடுத்திட்டு வாறன்."

ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத கௌசலா அப்போது அழுதாள். மிளகாய்க் கையால் கண்ணைத் துடைத்து, அந்த எரிவுக்கும் சேர்த்து அழுதாள். பிரசாந்தன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையைக் கழுவிவிட்டான். பிறகு பக்கத்திலேயே நிலத்தில் குந்தினான்.

கொஞ்சம் ஆறியதும் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்த மனுசன் எங்கட தண்ணியைத் தன்ர வயலுக்குத் திருப்பிப்போட்டால்?"

"திருப்பினால் திருப்பட்டும்," என்றான் பிரசாந்தன்.