உரிமையாளர் நேரில் வரவேண்டும்

1.

இந்தக் கதை ஒரு குழியில் பிறந்தது. மலாக்காவின் காஜா பெராங் சாலையில் என் மோட்டார் சைக்கிள் விழுந்த குழி. தூக்கிவிட்டவர், "ஜப்பான்காரன் காலத்துக் குழி சார் இது. அப்பவே ரோட்டுக்குக் காசு வாங்குனாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. ஆகவே மீதி முழுவதும் என் சரக்கு. சரித்திரம் தேடுகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2.

முதல் தொடக்கம்: "1943ஆம் ஆண்டு, மலாக்கா நகரம் பசியின் பிடியில்..." (வேண்டாம். வயிறு நிறைந்தவன் பசியைப் பற்றி எழுதும் வாக்கியம் இது.)

இரண்டாவது: "காசிவிஸ்வநாதன் வாயே திறக்கமாட்டார்."

இது பரவாயில்லை. காசி, காஜா பெராங்கில் வாழும் மலாக்கா சிட்டி என்னும் பழைய தமிழ்ச் சமூகத்தில் ஒருவர். முன்னோர் கப்பலேறி வந்து பல தலைமுறை ஆகிவிட்டது. வழியில் தமிழைத் தொலைத்தார்கள், மாரியம்மனைத் தொலைக்கவில்லை. பேசாத மனிதர் என்பதாலேயே ஜப்பானியர் அவருக்கு நகர சபையில் ஒரு நாற்காலி கொடுத்திருந்தார்கள்.

வீட்டில் மட்டும் அவருக்கு நிம்மதி இல்லை. மகள் வடிவாம்பாளுக்கு அம்மை கண்டு, பிழைத்ததே பெரிது என்று ஆனது. அம்மன் தேருக்குப் பின்னால் நடந்து வருவதாக மனைவி உமையாள் நேர்ந்துகொண்டாள். வழக்கமாகத் தேர், ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயிலிலிருந்து காஜா பெராங் அம்மன் கோயிலுக்கு வரும். கூட்டம் கூடுவதற்கே ஜப்பானியர் தடை போட்டுவிட்டார்கள்; ஊர்வலத்துக்கு ஏது அனுமதி? தேர் ஓடும்வரை சோறு தொடமாட்டேன் என்றாள் உமையாள். (ஊரே மரவள்ளிக்கிழங்கு தின்றதால் இந்த விரதம் யார் கண்ணிலும் படவில்லை.) நேர்த்தி பாக்கி நின்றால் அம்மை திரும்பி வரும் என்று அவள் உறக்கத்திலும் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

3.

அன்று சபையில் சாலைப் பேச்சு. சாலைகள் பல்லிளித்தன, பழுதுபார்க்கப் பணமில்லை. ஆகவே சக்கரம் உள்ள எதற்கும் கட்டணம். உரிமையாளர் வண்டியோடு நேரில் வந்து, கட்டணம் கட்டி, வண்டியில் மாட்ட ஒரு தகர வில்லை வாங்கிப் போகவேண்டும். மேசையின் தலைமாட்டில் ஜப்பானிய அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஜெயபாலன்.

மளிகைக் கடைக்காரர் அப்துல் ஹமீது கொதித்தார். "தள்ளுவண்டிக்குமா? டயர் கெடைக்காம சைக்கிளுக்குக் கயிறு சுத்தி ஓட்டுறோம். நம்ம சக்கரமா ரோட்ட ஒடச்சுச்சு? ராவும் பகலுமா ஓடுதே அந்த லோ..."

(வாக்கியத்தைப் பாதியில் விட்டது நான் அல்ல, ஹமீது. 'பட்டாள லோரி' என்று முடித்திருந்தால் அவர் கதையும் முடிந்திருக்கும்.)

அதிகாரி மேசையைத் தட்டினார். "யாருக்கும் விலக்கு இல்லையாம்," என்றான் ஜெயபாலன். "கவர்னரோட மோட்டார் காடியா இருந்தாலும் கட்டணுமாம்."

அப்போதுதான் காசி கையைத் தூக்கினார்.

"எங்க மாரியம்மன் தேருக்கும் சக்கரம் இருக்கு, துவான். அதுக்கு?"*

ஹமீது மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார்.

"உண்டு. உரிமையாளர் யார்?" என்றார் அதிகாரி.

"மாரியம்மன்தான். எங்க சாமி. அவ தேரு அது."

ஜெயபாலன் கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டு இதை மொழிபெயர்த்தான். அதிகாரிக்கு விஷயம் நன்றாகவே புரிந்தது. ஆனால் விலக்கே கிடையாது என்று இத்தனை பேர் முன்னால் மேசையைத் தட்டியாயிற்று. தட்டிய கை சும்மா இறங்குமா?

"அப்படியானால் சாமியே வரட்டும்."

"அவ நடக்கமாட்டா, துவான். தேர்லதான் வருவா. மாட்டையெல்லாம் பட்டாளம் ஓட்டிட்டுப் போயிருச்சு. ஆளுங்கதான் இழுக்கணும்."

"இழுத்து வரட்டும்!"

வெளியே வந்ததும் ஹமீது வெடித்தார். "அட கிறுக்குப் பயலே, வலியப் போயி காசு கட்டுறவன் ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்..." சட்டென்று நின்றார். "இரு, இரு. ஊர்வலத்துக்கு உத்தரவா வாங்கிட்ட?"

"நான் எங்க வாங்குனேன், ஹமீது நானா? அவங்கதானே கூப்புடுறாங்க."

* காசி பேசியது மலாய். தமிழ் என் உபயம். உமையாள் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

4.

இந்தக் காசியை என்னால் நம்ப முடியவில்லை. முதல் பிரதியில் அப்பாவியாக எழுதினேன், பொருந்தவில்லை. அடுத்ததில் வீரனாக நிமிர்த்திப் பார்த்தேன், அதைவிட மோசம். கடைசியில் பேனாவை மூடிக்கொண்டு, அவர் வீட்டுக் கதவோரம் ஒட்டுக்கேட்டேன்.

"பயமா இல்லையா?" என்று கேட்டாள் உமையாள்.

"இருக்கு. ஆனா உன் பயம் அதவிடப் பெருசு."

அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இது ஆகாத காரியம்.

5.

தேர் வந்தது. சக்கரத்தைச் சோதிக்க உதவுகிறோம் என்று சிட்டிகள் அத்தனை பேரும் வந்தார்கள். ஹமீது தன் தள்ளுவண்டியையும் கூடவே உருட்டி வந்தார், கட்டணம் கட்டத்தானாம். மேளம் இல்லை. தேருக்குப் பின்னால் வடிவாம்பாளின் கையைப் பிடித்தபடி உமையாள்.

நகர சபை அலுவலக வாசலில் காவல் சிப்பாயைக் கண்டதும், ஜப்பானியர் சட்டப்படி எல்லாரும் வடத்தைக் கீழே போட்டுவிட்டுத் தலை குனிந்தார்கள். அம்மன் மட்டும் குனியவில்லை. அதிகாரி படியில் வந்து நின்றார். கண்ணெதிரே இருப்பது கட்டணம் கட்ட வந்த வரிசையா, தடை செய்த கூட்டமா?

"உரிமையாளர் யார்?"

காசி மலாய் முறைப்படி கட்டைவிரலை நீட்டி, பணிவாக மேலே காட்டினார்.

முடிவு ஒன்று: அதிகாரி ஓங்கி அறைகிறார், காசி... (எழுதியதை அடித்துவிட்டேன். மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

முடிவு இரண்டு: அதிகாரி அம்மனைக் கைகூப்பி... (அந்தக் காலத்தை அனுபவித்தவர்கள் துடைப்பத்தோடு வருவார்கள்.)

மூன்றாவது என்னிடம் இல்லை. அதிகாரி அம்மனையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்க்கிறார். உமையாள் வெயிலில் வெறுங்காலோடு நிற்கிறாள். கோயில் போய்ச் சேராமல் நேர்த்தி தீராது. யாராவது ஒருவர் முதலில் குனிந்து அந்த வடத்தை எடுக்கவேண்டும். அங்கே நிற்பவர்கள் எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நானோ சுத்தப் பயந்தாங்கொள்ளி. இவ்வளவு நேரமும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தது, இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். வடம் உங்கள் காலடியில் கிடக்கிறது.