அப்பா அமுக்கிய களிமண்

புது கம்பெனியின் பாலிமர் களிமண் வந்த அன்று நான் நல்ல கோபத்தில் இருந்தேன். தோடும் பதக்கமும் செய்து விற்கிறவள் நான். பத்து வருடமாக வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி, சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிட்டுப் போய்விட்டது. புதியதைப் பிசையவே முடியவில்லை. "தொட்டா ஒட்டுது, விட்டா தொங்குது. இதை வச்சு நான் என்ன பண்றது?" என்று பொரிந்து தள்ளினேன்.

லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, பேப்பரை மடித்து வைத்துவிட்டு வந்தார். வெள்ளைக் கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி உருட்டி, டைல்ஸ் துண்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரே அமுக்கு அமுக்கினார்.

"பாத்தியா, என் தழும்புகூட விழுந்திருக்கு. இதைப் போய்க் குறை சொல்றே. உனக்குப் பொறுமை கிடையாதும்மா."

ரேகைகளுக்குக் குறுக்கே, எப்போதோ தகரம் கிழித்த தழும்பு நேர்க்கோடாகப் பதிந்திருந்தது.

மூன்றாம் நாள் அப்பா குளியலறையில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. டவல் எடுத்து வைக்கச் சொன்ன மனுஷன் இல்லை என்பது மூளைக்கு எட்டவே இல்லை.

வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அந்த டைல்ஸ் என் கண்ணில் பட்டது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"இதை எனக்குப் பதக்கமா பண்ணிக் கொடு. கழுத்துல போட்டுக்கறேன்."

இந்தக் களிமண் தானாகக் காயாது. ஓவனில் சுட்டால்தான் கெட்டிப்படும். அதுவரை மெத்தென்றுதான் கிடக்கும். உறையில் போட்டிருந்த சூட்டில் வேறொரு துண்டைச் சுட்டுப் பார்த்தேன். பழுப்பேறிக் கொப்புளம் விட்டது. அப்பாவின் ரேகையை இப்படிக் கருக்கிவிட்டால் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன்? டைல்ஸை ஹால் அலமாரியில் வைத்தேன். தினமும் சூட்டைக் கொஞ்சம் குறைத்து, நேரத்தைக் கூட்டி, ஒவ்வொரு துண்டாகச் சுட்டேன். பொறுமை கிடையாது என்றாரே, பத்து நாள் பொறுமையாக இருந்தேன். பதினோராவது துண்டு பால் வெள்ளையாக, கல் மாதிரி வந்தது.

ஓடிப்போய் டைல்ஸை எடுத்தேன். தூக்கிவாரிப் போட்டது.

தழும்பைக் காணவில்லை.

ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பள்ளம் இருந்தது. ஆனால் குறுகி, ஆழமாகியிருந்தது. ரேகையும் இருந்தது, மெல்லிசாக. அது அப்பாவுடையது இல்லை. யார் இதைத் தொட்டது என்று கத்த வாயைத் திறந்தேன்.

"எடுத்துட்டியா?" அம்மா பின்னால் வந்து நின்றாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. "கொடு, சுடறதுக்கு முந்தி ஒரு தரம்."

பள்ளத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தினமும் எழுந்ததும் இப்படித்தான் அவர் கையைப் பிடிச்சுக்கறேன்."

தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓவனைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவளை நான் பார்க்கவில்லை.

"முதல் நாள் தொளதொளன்னு இருந்துச்சு, அவர் விரல் பெருசாச்சே. இப்பப் பாரேன், எவ்வளவு கச்சிதமா பொருந்துது." கண்ணைத் திறந்தாள். "ஏண்டி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு. நீ விட்டாத்தானே சுட முடியும்."

வாங்கி ஓவனுக்குள் வைத்தேன். கதவை மூடினேன். அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"பாத்து சுடு. அந்தத் தழும்பு அழிஞ்சிடப் போகுது."

"சரிம்மா" என்றேன்.