நீலியின் கழுத்துக் காந்தம்

பத்தாம் வகுப்பில் அறிவியலில் தட்டுத்தடுமாறித் தேறிய கிருபாசங்கருக்கு, நாற்பத்திரண்டு வயதில் விஞ்ஞானப் பித்து பிடித்தது. கோயமுத்தூர் கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவன் மோட்டாரோடு நின்றிருக்கலாம். எங்கே நின்றான்? போனில் ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, தங்கை லோகப்பிரியா பந்தயப் புறா வளர்க்கும் மொட்டைமாடிக்கு மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"அம்மணி, நியூட்டுனு ஒண்ணு இருக்குது. தவளைக்குச் சொந்தம், பாக்கப் பல்லியாட்டம் இருக்கும். தொட்டியில அடைச்சு வெச்சாலும், தன்ற குளத்துக் கரை எந்தப் பக்கம்னு பூமியோட காந்தத்த வெச்சே கண்டுபிடிச்சுருதாம். கடலாமைக்கும் அப்படித்தான். உன்ற புறாவுக்கும் அந்தச் சக்தி இருக்குது."

"இருக்கட்டுங்கண்ணா," என்று அவள் கூண்டைக் கூட்டினாள். மேப் போடாமல் பக்கத்திலிருக்கும் சரவணம்பட்டியைத் தாண்டத் தெரியாத அண்ணன் திசையைப் பற்றிப் பாடம் எடுக்கிறான். அவளுக்குச் சிரிப்புகூட வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்திலிருந்து பந்தயம். குஞ்சு வைத்திருக்கும் பெட்டைதான் கூட்டை நினைத்து வேகமாக வரும் என்று பந்தயக்காரர்கள் அதைத்தான் விடுவார்கள். லோகப்பிரியா நீலியை விட்டாள். நீலிக்கு எட்டு நாள் குஞ்சு ஒன்று இருந்தது.

ஆடி மாதம், விடிந்ததிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. எட்டரைக்குள் பக்கத்து மாடி நசுருதீனின் புறா மூன்றும் இறங்கிவிட்டன. பத்தாகியும் நீலியைக் காணவில்லை. ஆண்புறா ஊட்டியது போதாமல் குஞ்சு கத்திக்கொண்டிருந்தது. லோகப்பிரியா கூட்டுவதை விட்டுவிட்டு, துடைப்பமும் கையுமாகக் கிழக்கு வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதறாத அம்மணி, நம்ம புறா வேற ரகம்," என்றான் கிருபாசங்கர். "கழுத்து எறகுக்கு அடியில சின்னக் காந்தம் ஒண்ணு ஒட்டியிருக்கறேன். சக்திய ஏத்திவுட்டா இன்னும் வேகமா வருமல்ல? போன வாரம் அதோடவே சூலூர்ல வுட்டுப் பாத்தேன். பிச்சுக்கிட்டு வந்துச்சு."

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

"போன வாரம் வெயிலுங்கண்ணா. சூரியனப் பாத்து வந்துபோட்டுது. இன்னைக்கு மேகம். அதுக்கு இருந்த ஒரே வழியையும் கெடுத்துப்போட்டீங்க. திசைகாட்டிக்குப் பக்கத்துல காந்தத்த வெச்சா முள்ளு கோணிக்கும்னு மோட்டார் பட்டறை வெச்சிருக்கறவருக்குத் தெரியாதுங்களா?"

"அட, ஆமால்ல," என்றான் அவன். அந்த மண்டைக்குள் இவ்வளவு நேரம் இது ஏறவில்லை என்பதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. மரியாதையாகத் திட்டுவதற்கும் ஓர் அளவு உண்டு என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கூண்டைக் கூட்டப் போனாள்.

மதியம் சோமனூரிலிருந்து போன் வந்தது. மருதாசலம் என்ற தறிக்காரர், நீலியின் கால் வளையத்தில் இருந்த போன் எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். "தறிக்கூடத்து முன்னால திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுங்க."

கிருபாசங்கர் மேப் போட்டுக் காரை ஓட்டினான். சோமனூரில் லோகப்பிரியா நீலியை மடியில் வைத்து, காந்தத்தை இறகோடு பிய்த்தெடுத்தாள். தண்ணீர் காட்டினாள். கொஞ்ச நேரம் நெஞ்சோடு வைத்திருந்தாள்.

"கூடையில வெச்சுக் காருலயே கொண்டு போயிரலாம். மறுபடியும் வழி தெரியாமப் போச்சுன்னா?" என்றான் கிருபாசங்கர்.

"அதுக்குத் தெரியுமுங்க," என்று நீலியை மேலே விட்டாள். வானத்தில் சூரியன் இருக்கும் இடமே தெரியவில்லை. நீலி இரண்டு சுற்றுச் சுற்றி நேராக மேற்கே, வீடு இருக்கும் பக்கம் போனது.

திரும்பும்போது கருமத்தம்பட்டிப் பிரிவு வருவதற்குள் அண்ணனின் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கோயமுத்தூருக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவன் வலப்பக்கம் திரும்பினான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர்த்திசையில் அவிநாசி வரப்போகும் நேரத்தில் நசுருதீன் அவள் போனில் கூப்பிட்டார்.

"நீலி வந்து அஞ்சு நிமிசமாச்சும்மா. குஞ்சுக்கு ஊட்டிக்கிட்டு இருக்குது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டாள்.

கிருபாசங்கர் காரை ஓரங்கட்டினான். "ஏன் அம்மணி, நாம எந்தப் பக்கம் போறோம்? உன்ற போன்லயாவது மேப்பப் போடு."

லோகப்பிரியா போனைப் பைக்குள் வைத்தாள். இறகு ஒட்டிய காந்தத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதக் கழுத்துல ஒட்டிக்குங்கண்ணா. சக்தி ஏறுமுங்க."