முதலில் தெரிய வேண்டிய முகம்

கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸில் செத்தவர் முகம்தான் முதலில் கண்ணில் பட வேண்டும் என்பது ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் செய்யும் நதியாவின் கட்சி. அதனால் வெள்ளையம்மாளின் படத்தை நடுவில் பெரிதாக வைத்து, சுற்றிலும் வெறுமையாக இடம் விட்டிருந்தாள். விடிய விடிய ஷிப்டு பார்த்து, பனியன் கம்பெனியில் தையல் மெஷின் மேலேயே சரிந்து செத்துப்போன டெய்லர் அந்த அம்மாள்.

கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்த கம்பெனி சூப்பர்வைசர் தங்கவேலுவுக்கு அது பிடிக்கவில்லை.

"இத்தனை எடம் சும்மா கெடக்குதே அம்மிணி. மொதலாளி படத்தை அங்க பெருசாப் போடு. கம்பெனி செலவுலதான அடிக்கறோம்."

"போட்டா எல்லார் கண்ணும் மொதல்ல அவர் மேலதான் சார் போகும்."

"போகட்டுமே."

முதலாளி கும்பிட்டபடி நடுவுக்கு வந்தார். வெள்ளையம்மாள் கீழ் மூலைக்குப் போனாள். எரிச்சல் தாளாமல் நதியா, பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மாளின் புருஷன் ராக்கையாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே."

"அவுக சொல்றபடியே செய்யி தாயி" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் அதைக் கட்டினார்கள். நதியா போனபோது ராக்கையா மாலையோடு அதன் கீழே நின்றிருந்தார். டவுன் பஸ் வந்து நின்றது. ஜன்னலோரம் இருந்த பெண் பதறிப் போனாள்.

"அடக் கடவுளே, இந்த மொதலாளி எப்பங்க செத்தாரு?"

பக்கத்தில் இருந்தவர் கழுத்தை நீட்டி மூலையைப் படித்தார்.

"அவரு இல்லீங்க. யாரோ டெய்லர் பொம்பளையாமா."

"அப்பாடா!" என்று அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். மாலையைப் பிடித்திருந்த ராக்கையா அதைக் கேட்டபடியே நின்றார்.